மயக்கம் போடாத அடி: பள்ளிக் கபடி வீரன் ஒருவனின் மூளை அதிர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் பேசப்படும் மாணவனுக்கு நிகழ்வு நடந்தபோது வயது 15. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். காங்கேயம் வட்டாரத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அணியின் முதல் ரெய்டர், அதாவது பாடிக்கொண்டே எதிரணிக் களத்துக்குள் போய் ஆட்களைத் தொட்டுத் திரும்புபவன். எடை 52 கிலோ. அதற்கு முன் தலையில் பெரிதாக அடிபட்டதில்லை. வலிப்போ ஒற்றைத் தலைவலியோ இருந்ததில்லை. நான் அப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அன்று அணியை அழைத்துச் சென்றவனும், தலையில் அடிபட்ட அவனைப் பிற்பாதி ஆட்டத்துக்கு அனுப்பியவனும் நானே. அவனும் அவன் பெற்றோரும் ஒப்புதல் தந்த பிறகே இதை எழுதுகிறேன். ஊர், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மருத்துவர்கள் கன்கஷன் என்று சொல்வதை இங்கே மூளை அதிர்வு என்று குறிப்பிடுகிறேன்.

இந்த நிகழ்வில் அபூர்வமாக எதுவும் நடக்கவில்லை. கபடி ஆடும் எந்த ஊரிலும், கிரிக்கெட் ஆடும் எந்தக் கல்லூரி மைதானத்திலும் இப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் வைத்து யாரும் பேசுவதில்லை, ‘மண்டையில லேசா அடி’ என்பதோடு விட்டுவிடுகிறோம். எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம்.

களத்தில் நடந்தது

ஆடி மாதத்தில் நடந்த குறுவட்டப் போட்டி அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காலையிலிருந்தே புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. களம் மண் களம். போட்டிக்காகச் செம்மண்ணும் மணலும் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள் என்றாலும், சில நாள் காற்றிலேயே மேல்மண் பறந்துபோய், ஓரங்களில் சுக்கான்கல் வெளியே தெரிந்தது. விடிகாலையில் தெளித்த தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் காய்ந்து, தரை காரை போட்டதுபோல இறுகிவிட்டிருந்தது. வந்தவுடன் நான் கோடுகளைப் பார்த்தேன், தரையைக் காலால் அழுத்திப் பார்க்கவில்லை.

முதல் பாதி முடியும் தறுவாயில் ரெய்டுக்குப் போன அவன், வலது ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரனைத் தொட முயன்றபோது, அந்தக் கார்னர் இவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். நடுக்கோட்டை நோக்கி அவன் திரும்பிப் பாய்ந்த அதே நொடியில் கவரில், அதாவது கார்னருக்கு உள்பக்கம், நின்றவன் பக்கவாட்டில் வந்து மோதினான். கால் பிடியில் இருந்ததால் கையை ஊன்ற நேரம் கிடைக்கவில்லை. இடது நெற்றிப்பொட்டு முதலில் எதிரணிப் பையனின் முழங்காலிலும், அடுத்துத் தரையிலும் பட்டது. மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை. ஏறத்தாழ பத்து நொடியில் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே நடந்தான். கூட்டம் கை தட்டியது.

அடுத்து அவன் செய்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவுட்டான ஆட்டக்காரர்கள் அவரவர் அணிக்குப் பின்னால் உட்கார வேண்டும். அவன் எதிரணிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போய், கடைசியில் சம்மணம் போட்டு அமர்ந்தான். அவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டே எழுந்து நம் பக்கம் வந்தான். இடைவேளையில் எங்கள் இடது கார்னர் ஆடும் பையன் என்னிடம் வந்து, “சார், எத்தன பாயின்ட்டுன்னு மூணு தடவ கேட்டுட்டானுங்க. ஒரு மாதிரி இருக்கறானுங்க” என்றான். நான் முகத்தில் தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பெயரையும் பள்ளியின் பெயரையும் கேட்டேன். விரல்களைக் காட்டி எத்தனை என்றேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். “போலாமா கண்ணு?” என்றதும் “போலாமுங்க சார்” என்று எழுந்தான்.

பிற்பாதியில் ஒரு டச் பாயின்ட்டும் ஒரு போனசும் எடுத்தான். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், யாரும் தொடாமலேயே நடுக்கோட்டருகே தள்ளாடி, களத்தின் ஓரப் பட்டையான லாபியைத் தாண்டிப் போய் வாந்தி எடுத்தான். வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்து செய்த வேலை என்று அதை எடுத்துக்கொண்டு, மாற்று ஆட்டக்காரனை இறக்கினேன். ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். மதிய ஆட்டத்துக்கு அவனை அழைக்கவில்லை. புங்கமரத்தடியில் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தான். பேருந்தில் ஊர் திரும்பும்வரை தூங்கினான். அவன் வீட்டுக்கு நான் ஒரு போன்கூடப் போடவில்லை.

நான் கேட்ட கேள்வியும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும்

தலையில் அடிபட்டால் நம்மவர்கள் முதலில் கேட்பது ‘மயக்கம் போட்டானா?’ என்பதுதான். இல்லை என்ற பதில் வந்ததும் அனைவரும் அமைதியடைகிறோம். ஆனால் விளையாட்டில் நேரும் மூளை அதிர்வுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் நினைவிழப்பு ஏற்படுகிறது. மயக்கத்தை மட்டும் அடையாளமாக வைத்துக்கொண்டால் மற்ற எல்லாரையும் நலமென்று அனுப்பிவிடுவோம். கேட்டிருக்க வேண்டியது ‘முன்ன மாதிரி இருக்கறானா, ஆள் மாறியிருக்கறானா?’ என்பதே. அதற்கான பதில் மாணவனிடம் இல்லை, அவனோடு தினமும் ஆடும் பிள்ளைகளிடம் இருக்கிறது. அன்று சரியாக இனங்கண்டவன் அந்த இடது கார்னர் பையன் ஒருவன்தான்.

பெயரும் ஊரும் கேட்பது சோதனையே ஆகாது. அடிபட்டபோது கலைவது புதிதாகப் பதியும் நினைவு. பல ஆண்டுகளாகப் பழகிய பெயர் அவ்வளவு எளிதில் போய்விடாது. இதற்கென்றே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மேடக்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1995-ல் வெளியிட்ட கேள்விகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றை நம் களத்துக்கு ஏற்ப இப்படிக் கேட்கலாம்: இப்போது எந்த ஊரில் ஆடுகிறோம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் வென்றோமா தோற்றோமா. ஒன்றில் தடுமாறினாலும் அவன் களத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்றும் பொருளில்லை. மற்ற அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் போதும். ஏனெனில் அறிகுறிகள் சிலருக்குச் சில நிமிடங்கள் கழித்தும் சிலருக்குச் சில மணி நேரம் கழித்தும்தான் தலைகாட்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிபவை சில: விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடப்பது, மெதுவாக எழுவது, வெறித்த பார்வை, கால் தள்ளாடுவது, தலையைப் பிடித்துக்கொள்வது, திசை மாறிப் போவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாமல் அழுவது அல்லது எரிந்துவிழுவது. அவனுக்கு மட்டும் தெரிபவை வேறு. தலைவலி, தலைபாரம், கிறுகிறுப்பு, குமட்டல், கண் கூசுதல், சத்தம் தாங்காமை, எல்லாம் பனிமூட்டத்துக்குள் நடப்பதுபோன்ற மந்தம் ஆகியவற்றை அவன் வாய்விட்டுச் சொன்னால்தான் நாம் அறிய முடியும். நம் பிள்ளைகள் சொல்வதில்லை. ஆட்டத்தில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று பையன்கள் மறைக்கிறார்கள். இனி விளையாடவே விடமாட்டார்கள் என்று பெண் பிள்ளைகள் இன்னும் அழுத்தமாக மறைக்கிறார்கள். ஒரே விதமான விதிகளோடு இருபாலரும் ஆடும் விளையாட்டுகளில் பெண்களுக்கே மூளை அதிர்வு அதிகம் பதிவாகிறது என்பதால், மாணவியர் அணியை வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

விளையாட்டில் நேரும் மூளை அதிர்வு குறித்து 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நகரில் நிபுணர்கள் கூடி, 2023-ல் வெளியிட்ட சர்வதேச ஒருமித்த அறிக்கை இதில் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. மூளை அதிர்வு இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தவுடன் ஆட்டக்காரரை வெளியே எடுக்க வேண்டும். அன்று மறுபடி இறக்கக் கூடாது. மருத்துவம் படிக்காதவர்களும் களத்தோரத்தில் பயன்படுத்தும்படி சி.ஆர்.டி.6 என்ற சிறிய கையேடு அதனோடு வெளியிடப்பட்டுள்ளது. இதில் கபடிக்கு ஒரு வசதி உண்டு. ஏழு பேர் களத்தில் ஆட, ஐந்து பேர் மாற்றாகக் காத்திருக்கும் ஆட்டம் இது. ஒருவனை வெளியே எடுத்தால் அணிக்கு ஆள் குறைவதில்லை. கிரிக்கெட்டில் அடிபட்டவருக்குப் பதிலாக முழு ஆட்டக்காரர் ஒருவரை இறக்கும் விதியைச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2019 ஆகஸ்டில்தான் கொண்டுவந்தது. எங்களிடம் அன்றும் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகளைத் தனியே சொல்ல வேண்டும். தலைவலி நேரம் ஆக ஆகக் கூடுவது, ஒருமுறைக்கு மேல் வாந்தி, வலிப்பு, இரண்டிரண்டாகத் தெரிவது, கை கால்களில் பலவீனமோ மரமரப்போ, எழுப்பினால் எழாத தூக்கம், கட்டுக்கடங்காத மூர்க்கம், கழுத்து வலி, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. கழுத்து வலிக்கிறது என்பவனையோ நினைவில்லாமல் கிடப்பவனையோ நான்கு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி ஓரமாகப் போடும் வழக்கத்தை நம் களங்களில் எப்படியாவது நிறுத்த வேண்டும். மூச்சுக்குத் தடையில்லை என்றால் ஆட்டம் நின்றாலும் பரவாயில்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் எதையாவது வைப்பதும் உதவாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றிலும் இடிக்கக்கூடியவற்றை அகற்றினால் போதும்.

அடிபட்டவன் நடந்தே வெளியே வருவது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடிய ராமன் லாம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு சங்க ஆட்டத்தில், மட்டையாளருக்கு மிக அருகே ஹெல்மெட் இல்லாமல் ஃபீல்டிங் நின்றபோது நெற்றியில் பந்து தாக்கியது. எழுந்து நடந்தே உடைமாற்றும் அறைக்குத் திரும்பினார். பிறகு நினைவிழந்தவர் மூன்றாம் நாள் இறந்துபோனார். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசியும்போது முதலில் தெளிவாக இருந்து, கசிவு கூடக்கூட மூளை அழுத்தப்படும் அந்த இடைவெளிதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

அன்று மாலையும் அடுத்த வாரமும்

வீட்டில் முதலில் கவனித்தவர் தாய். டியூப்லைட்டைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு திட்டினான். சாப்பிட்டு முடித்த தட்டின் முன் உட்கார்ந்தே ‘சோறு போடலையா?’ என்று கேட்டான். “எம்பையன் என்னைய எதுத்துப் பேசுனதே இல்லீங்க சார். அன்னைக்கு யாரோ ஒருத்தன் வந்து வீட்டுல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சுங்க” என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அப்பிச்சி, பயந்திருப்பான் என்று திருநீறு போட்டு மந்திரித்துவிட்டார். பேரன்மேல் வைத்த பாசத்தில் செய்தது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. இரண்டாம் முறை வாந்தி எடுத்ததும் தந்தை பைக்கை எடுக்காமல் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காரை வரவழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது சரியான முடிவு.

அவசரப் பிரிவில் நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 15-க்கு 15 இருந்தது. வாந்தியும் கடுமையான தலைவலியும் சேர்ந்திருந்ததால் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எந்தக் குழந்தைக்கு ஸ்கேன் தேவை, யாரைக் கண்காணிப்பில் வைத்தால் போதும் என்பதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் விதிகள், 42,412 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2009-ல் வெளியிடப்பட்ட ஆய்விலிருந்து வந்தவை. அவற்றின்படி பார்த்தாலும் இந்த முடிவு பொருத்தமானதே. ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. இரவு முழுவதும் கண்காணித்துக் காலையில் அனுப்பினார்கள்.

தவறு டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது. ‘சி.டி. நார்மல்’ என்றும் சில மாத்திரைகளின் பெயரும் மட்டுமே அதில் எழுதியிருந்தன. மூளை அதிர்வு என்ற சொல்லோ, எத்தனை நாள் ஓய்வு, எப்போது பள்ளி, எப்போது விளையாட்டு என்ற குறிப்போ இல்லை. ஸ்கேன் ரத்தத்தையும் உடைந்த எலும்பையும் காட்டும். மூளை அதிர்வு என்பது செல்களின் வேலையில் ஏற்படும் குழப்பம், அது சாதாரண சி.டி.யில் தெரியாது. இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் குடும்பம் ஏமாந்திருக்காது. ‘ஸ்கேன்லயே ஒண்ணுமில்லைன்னுட்டாங்க’ என்ற நிம்மதியோடு மூன்றாம் நாள் அவனைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதை நம்பி ஆறாம் நாள் நான் பயிற்சிக்கு வரச் சொன்னேன். அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஆறாம் நாள் மைதானத்தைச் சுற்றி இரண்டாவது சுற்று ஓடும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதே வாரத்தில் கணக்கு ஆசிரியர், கரும்பலகையில் இருப்பதைப் பாதிதான் எழுதுகிறான், கேட்டால் எழுத்து நகர்கிறது என்கிறான் என்றார். அன்றைய பயிற்சியில் பிடிபோட்டு ஆடும் அளவுக்கு அவன் போகாதது எங்கள் நல்ல காலம். முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாவதாகத் தலையில் ஒரு சிறு அடி பட்டாலும் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும் நிலை 1984-லேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டுள்ளது. மிக அரிதாக நேர்வதுதான்; ஆனால் நேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், அடிபட்ட பிறகும் ஆட்டத்துக்குத் திரும்பி அனுப்பப்பட்ட 13 வயதுச் சிறுவன் ஒருவன் 2006-ல் மூளையில் ரத்தக்கசிவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டதைத் தொடர்ந்தே, சந்தேகத்துக்குரிய ஆட்டக்காரரை எழுத்துபூர்வ மருத்துவ அனுமதியின்றி இறக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே 2009-ல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

மோட்டாரும் வோல்டேஜும்

பத்தாம் நாள் கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பென்சில் முனையைப் பார்க்கச் சொல்லி இடமும் வலமும் நகர்த்தினார். சில முறையிலேயே அவனுக்குக் கிறுகிறுப்பு வந்தது. ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்களைத் தொடும்படி நேர்க்கோட்டில் நிற்கவைத்து, கையை இடுப்பில் வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். ஒற்றைக் காலில் திரும்பி எதிரணியை ஏய்க்கும் ரெய்டர், 20 நொடி நிற்க முடியாமல் மூன்று முறை கையை விரித்துச் சாய்ந்ததைத் தந்தை பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாமே சாக்கு’ என்று சொல்லிவந்தவர் அதன்பின் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு மருத்துவர் தந்தையிடம் கேட்டார்: “தோட்டத்துல மோட்டார் எத்தன எச்.பி.ங்க?” ஏழரை என்றார் தந்தை. “லோ வோல்டேஜ்ல ஓட்டுவீங்களா?” “காயில் போயிருமுங்களே!” மருத்துவர் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: அடிபட்டபோது மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கி, நரம்பு செல்களும் அவற்றின் நீண்ட இழைகளும் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறி, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்யச் செல்லுக்கு வழக்கத்தைவிட அதிகச் சர்க்கரையும் சக்தியும் தேவை. அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. சுமை கூடியிருக்கிறது, வோல்டேஜ் குறைந்திருக்கிறது. சில நாட்களில் இருந்து சில வாரங்களில் இது தானாகவே சீராகும். அதுவரை முழுச் சுமையை ஏற்றக் கூடாது. தந்தைக்கு அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வளரிளம் பருவத்தினருக்கு முழுமையாகத் தேறப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை ஆகலாம், பெரியவர்களுக்கு அதைவிட விரைவில் ஆறும் என்றும் அவர் சொன்னார். இருட்டறையில் அசையாமல் கிடக்கச் சொல்லும் பழைய வைத்தியம் இப்போது இல்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் மட்டுமே ஓய்வு. அதிலும் வீட்டுக்குள் நடமாடலாம், ஆனால் செல்போன் திரையைக் குறைத்துவிட வேண்டும். அதன்பின் இலேசான நடை தேறுதலை விரைவுபடுத்தும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். மெடிக்கலில் கேட்டதும் கொடுக்கும் மற்ற வலி மாத்திரைகளை, அவற்றுள் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை உண்டு என்பதால், அடிபட்ட முதல் நாட்களில் தாமாக வாங்கித் தரக் கூடாது.

பள்ளி முதலில், களம் பிறகு

பத்தாம் வகுப்பு என்றால் நம் வீடுகளில் அது வேள்வி. காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் மருத்துவரின் கடிதத்தைப் பார்த்ததும் மறுப்பேதும் சொல்லவில்லை. முதல் வாரம் மதியம்வரை மட்டுமே வகுப்பு. சன்னல் வெளிச்சம் விழாத இடத்தில் இருக்கை. 20 நிமிடம் படித்தால் ஐந்து நிமிடம் கண்ணை மூடி ஓய்வு. பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பையனின் நோட்டிலிருந்து பிறகு எழுதிக்கொள்ளலாம். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நிற்க வேண்டாம். இவ்வளவுதான் சலுகை. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. மாலைத் தனி வகுப்பை நிறுத்தச் சொன்னபோதுதான் தாய் சற்றுத் தயங்கினார். பின் அவரே பயிற்சி மையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினோம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே குறைந்தது 24 மணி நேரம். முதலில் காலையில் அப்பிச்சியோடு வரப்பில் நடை. தலைவலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லி ஒரு பழைய டயரியில் எழுதவைத்தோம். பயிற்சியால் அது இரண்டு புள்ளிக்குள் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பரவாயில்லை, மிஞ்சினால் அன்று நிறுத்தி மறுநாள் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அடுத்து சைக்கிள், மெல்லோட்டம். பதினெட்டாம் நாள் அவன் என்னைக் கேட்காமல் முழு வேகத்தில் ஓடிப் பார்த்தான். அன்று டயரியில் 6 என்று எழுதியிருந்தது, இரண்டு நாள் பின்னுக்குப் போனோம். அதன்பின் யாரும் இல்லாத களத்தில் தனியாகக் கால்நகர்வுப் பயிற்சி. ‘கபடி கபடி’ என்று பாடும்போது மூச்சை அடக்குவதால் தலை கனக்கிறதா என்று அதைத் தனியே பார்த்தோம். பிறகு மற்றவர்களோடு, உடலில் கை படாத பயிற்சி.

அறிகுறி ஒன்றுமில்லாமல் முழு நேரமும் பள்ளியில் உட்கார முடிந்து, மருத்துவரும் எழுத்தில் அனுமதி தந்த பிறகே பிடிபோட்டு ஆடும் பயிற்சிக்கு விட்டோம். அது முப்பத்தோராம் நாள். வருவாய் மாவட்டப் போட்டி அதற்கு முன்பே முடிந்திருந்தது. அவன் இல்லாமல் முதல் சுற்றிலேயே தோற்றோம். ஊரில் சிலர் என்னிடம் நேராகவே, பையன் நன்றாகத்தானே நடமாடுகிறான், இறக்கியிருந்தால் என்ன என்று கேட்டார்கள். அந்தப் பேச்சைத் தாங்கும் இடத்தில் பயிற்சியாளர் நிற்காவிட்டால் அதைத் தாங்க வேண்டியவன் அந்தப் பையனாகிவிடுவான்.

தடுப்பு

மூளை அதிர்வை முற்றிலும் தடுக்கும் கருவி எதுவும் கிடையாது. ஹெல்மெட் மண்டையோடு உடைவதையும் ரத்தக்கசிவையும் பெருமளவு தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது. அதனால் கிரிக்கெட்டில் ஹெல்மெட் வேண்டாம் என்பதல்ல; தைத்த பந்தில் ஆடும் எந்தப் பிள்ளைக்கும், வலையில் மட்டை பிடிக்கும்போதும், அருகில் ஃபீல்டிங் நிற்கும்போதும், அளவுக்குப் பொருந்திய ஹெல்மெட் கட்டாயம். அணிக்கெல்லாம் சேர்த்து இரண்டே இரண்டு ஹெல்மெட் வாங்கி, தலையில் ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை மாற்றி மாற்றி மாட்டுவது பாதுகாப்பாகாது.

கபடியில் தலைக்கவசம் இல்லை. ஆகவே தடுப்பு மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். இப்போது நாங்கள் கோடு போடுவதற்கு முன் களத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, மணலும் மரத்தூளும் கலந்து பரப்புகிறோம். ஆட்டங்களுக்கு இடையில் தண்ணீர் தெளிக்க ஒரு குடமும் ஒரு பொறுப்பாளரும் உண்டு. நம் ஊர்த் திருவிழா மின்னொளிக் கபடிகளில் விளக்குக் கம்பங்களும் கயிறு கட்டிய முளைகளும் இறுதிக் கோட்டுக்கு ஓரடி தூரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதோடு ஒரே இரவில் மூன்று நான்கு ஆட்டம் ஆடிக் களைத்த கால்கள். போட்டி நடத்துபவர்கள் கோப்பையின் உயரத்தில் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை அந்தக் கம்பங்களைத் தள்ளி நடுவதிலும் காட்டலாம்.

பிடிக்கும் முறையும் முக்கியம். தொடைப்பிடி போடப் பாயும்போது தலை, ஓடுபவனின் காலுக்கு முன்னால் போகாமல் பக்கவாட்டில், இடுப்பை ஒட்டி இருக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். குனிந்த தலையோடு முட்டக் கூடாது. இதை வேகமில்லாமல் முழங்காலிட்ட நிலையில் பழக்கிவிட்டுத்தான் நின்று ஆட விட வேண்டும். கணுக்கால் பிடிபட்டவன்மேல் இரண்டாவது ஆள் முழு வேகத்தில் டேஷ் அடிப்பதை, அதாவது மோதித் தள்ளுவதை, பயிற்சி ஆட்டங்களில் நான் தடை செய்துவிட்டேன். 40 கிலோப் பையனையும் 65 கிலோப் பையனையும் ஆள் இல்லை என்பதற்காக எதிரெதிரே நிறுத்துவதில்லை. கழுத்துத் தசைகளுக்கும் உடல் சமநிலைக்கும் வாரம் மூன்று நாள் பயிற்சி; ரக்பி ஆட்டத்தில் இத்தகைய வார்ம்-அப் பயிற்சிகள் மூளை அதிர்வுகளைக் குறைத்ததற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. ஆட்டப் பையில் மேடக்ஸ் கேள்விகளும் ஆபத்து அறிகுறிகளும் தமிழில் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரை வரவழைத்து அதன் நகலைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அடிபட்டவனை வெளியே எடுக்கும் முடிவு இப்போது என்னிடம் இல்லை. மதிப்பெண் பலகையைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் உடன் வரும் ஆசிரியர் ஒருவரிடம் இருக்கிறது. இடது கார்னர் பையன் போன்ற ஒருவன் வந்து சொன்னால், வேறு எதையும் கேட்காமல் அவர் கையைத் தூக்கிவிடுவார்.

பின்தொடர்தல்

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவனுக்குத் தலைவலியோ கிறுகிறுப்போ இல்லை. பொதுத்தேர்வை வழக்கம்போல் எழுதினான், இப்போதும் ஆடுகிறான். ஆனால் அந்த நாளின் ஒரு பகுதி திரும்பி வரவேயில்லை. காலையில் பேருந்தில் ஏறியது நினைவிருக்கிறது, முதல் பாதியில் எடுத்த போனஸ் நினைவிருக்கிறது. கார்னரைத் தொடப் போனதிலிருந்து புங்கமரத்தடியில் கண்விழித்தது வரை ஒன்றுமில்லை. ஒருநாள் உடற்கல்வி அறைக்கு வந்து அன்றைய ஸ்கோர் ஷீட்டைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். பிற்பாதிக் கட்டங்களில் தன் சட்டை எண்ணுக்கு நேரே இருந்த இரண்டு புள்ளிகளின்மேல் விரலை வைத்து, நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது நானுங்களா சார்?” என்று கேட்டான்.